இரவல் நாண்

கிரேனடியில் வேலை பார்க்கிறவர்கள் யாரையும் பாராட்டுவதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டமாட்டார்கள். ஊருக்கெல்லாம் அது சபாஷ். இவர்களுக்கு அது உத்தரவு. மூடிய கையில் கட்டைவிரல் மட்டும் மேலே நின்றால், கிரேனின் நீண்ட கையான பூம் எழும்பவேண்டும். ஆள்காட்டி விரல் மட்டும் மேலே நின்று சின்னதாக வட்டம் போட்டால், பூம் இருந்த இடத்திலேயே இருக்க, கொக்கியில் தொங்கும் பாரம் மட்டும் ஏறவேண்டும். இரண்டும் மேலேதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று வெளியாள் கேட்பான். கேட்கட்டும். பாரம் ஏறினால் நேராக ஏறும். பூம் எழும்பினாலோ, பாரம் கிரேனை நோக்கி உள்ளே வந்துவிடும். நடுவில் போய் நின்று பார்த்தால் வித்தியாசம் தானாகப் புரியும்.

கான்கிரீட் குழாய் வார்க்கிற அந்த யார்டில், இந்த விரல் வேலை செய்தவனுக்குச் சைகை என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அவன் மனைவிக்கு நினைவிருக்கலாம். அவளும் "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள், ஆகவே நிச்சயமாகச் சொல்ல முடியாது. கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பெயர் கூண்டு. காலையில் கண்ணாடிக் கூண்டில் ஏறினால் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும்தான் இறங்குவான். கூண்டு, சைகையின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் யார்டில் கூட்டாளிகள் என்பதால், மச்சான், மாப்பிள்ளை என்று உறவு வந்த பிறகும் 'நீ, வா, போ' மாறவில்லை.

அந்த யார்டில் ஒரு விதி உண்டு. வலது கை வேலை சொல்வதற்கு. இடது கை 'நிறுத்து' என்று சொல்வதற்கு மட்டும். இடது கை உயர்ந்துவிட்டால் காரணம் கேட்காமல் எல்லாம் நிற்கவேண்டும். வலது கை சொல்வது தெளிவாக இல்லையென்றால் எதுவும் அசையவே கூடாது. சைகையும் கூண்டும் இந்த விதியிலேயே வளர்ந்தவர்கள். குழாயைத் தூக்கி லாரியில் வைக்கும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

ஒரு மழை நாளில் ஆபீஸ் கன்டெய்னரின் இரும்புப் படியில் சைகை சறுக்கினான். யானைக்கும் அடி சறுக்கும், இவன் யானைகூட இல்லை. விழும்போது வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். அவனும் போய் வேலையைப் பார்த்தான். விரல்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன.

அதற்கப்புறம் ஒரு காலை, சட்டைப் பொத்தான் போடும்போது, மணிக்கட்டுக்கு மேல் 'டப்'பென்று ஏதோ விட்டதுபோல் இருந்தது. வலி இல்லை. பொத்தான்தான் தெறித்துவிட்டது என்று நினைத்துத் தரையைப் பார்த்தான். பொத்தான் சட்டையிலேயே இருந்தது. அதோடு மறந்துவிட்டான்.

யார்டில் முதல் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. பூமைத் தூக்கச் சொல்லி வலது கையை நீட்டினான். கிரேன் அசையவில்லை. மறுபடியும் காட்டினான். அசையவில்லை. கூண்டு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு தலையை வெளியே விட்டான்.

"என்ன மாப்ள, முட்டியை மடக்கிக் காட்டற? சண்டைன்னா கீழ வரட்டுமா?"

சைகை அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். கட்டைவிரல் மற்ற விரல்கள்மேல் படுத்துக்கிடந்தது. எழுந்திரு என்றான், எழவில்லை. இடது கையால் பிடித்து நிமிர்த்தினான், நின்றது. விட்டான், விழுந்தது. வலியில்லாமல் ஒரு விரல் செத்துப்போகுமா? இடது கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு மனைவியும் கூட வந்தாள். "நரம்பு அறுந்துபோச்சுங்களா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"நரம்பு நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. அவனுடைய முன்கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே அழுத்திக் காட்டினார். "நரம்பு சேதி கொண்டுவர்றது. இழுக்கறது சதை. விரலைத் தூக்கற சதை விரல்ல இல்ல, இதோ, இங்க இருக்கு. இங்கேர்ந்து ஒரு நாண் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியாப் போய் விரல் எலும்புல ஒட்டியிருக்கு. தசைநாண்னு சொல்வோம். சதை இழுத்தா, நாண் அதை எலும்புகிட்ட சேர்க்கும். அது அறுந்துபோச்சு."

"ஜவ்வுன்னு சொல்றாங்களே, அதுவா?"

"ஜவ்வு எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கறது. மூட்டு கழண்டு போகாம இருக்க. இது சதையையும் எலும்பையும் சேர்க்கறது. இது தானா ஒண்ணும் செய்யாது. சதை எவ்வளவு இழுக்குதோ அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும், கூட்டவும் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது."

சைகைக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கட்டு பிரித்து இத்தனை நாள் கழித்து ஏன் அறுந்துபோகவேண்டும்? எலும்பு கூடின இடத்தை ஒட்டி நாண் ஒரு குறுகலான பள்ளத்தில் வளைந்து போகிறது, அங்கே உரசி உரசி நைந்துவிட்டது, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "கூர் விளிம்புல கயிறு போட்டா நாங்க அடியில சாக்கு வைப்போம்ங்க," என்றான்.

"உள்ள யாரும் சாக்கு வைக்கலையே," என்றார் டாக்டரம்மா.

நைந்த நாணை முடிபோட முடியாதாம். ஆனால் ஆள்காட்டி விரலைத் தூக்க இரண்டு நாண்கள் இருக்கின்றனவாம். ஒன்று, நாலு விரலுக்கும் பொதுவான சதையிலிருந்து வருவது. மற்றது, ஆள்காட்டி விரலுக்கென்றே தனியாக ஒரு சதை வைத்திருப்பது. அந்தத் தனி நாணை எடுத்துக் கட்டைவிரலோடு தைத்துவிடலாம் என்றார்.

"அப்ப ஆள்காட்டி விரல் சும்மா தொங்குமா?" என்றாள் மனைவி.

"பொது நாண் பாத்துக்கும். முன்ன இருந்த மிடுக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

"குறையட்டும். அதை நீட்டி நீட்டித்தானே வீட்டுல எல்லாரையும் அதிகாரம் பண்றார்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "கிரேன்லங்க," என்றான் சைகை. அவரும் தலையாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தையில் கேட்டார், ஒரு வார்த்தையில் சொன்னான். வினை அங்கேயே உட்கார்ந்துகொண்டது, யாரும் பார்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்தது, கட்டும் பிரித்தாயிற்று. பிசியோதெரபி அறையில் ஒரு இளைஞன் அவன் கையை மேசைமேல் வைத்தான். "கட்டைவிரலைத் தூக்கணும்னு நினைக்காதீங்கண்ணா. அந்தச் சதைக்கு இப்ப நாணே இல்ல. ஆள்காட்டி விரலால எதையோ சுட்டிக் காட்டற மாதிரி நினைங்க."

சைகை சுவர்க் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டுவதாக நினைத்தான். கட்டைவிரல் மேசையிலிருந்து எழுந்தது. கொஞ்சம்தான், ஆனால் எழுந்தது. செத்த விரல் எழுந்துவிட்டதே என்று கடிகாரத்தை மறுபடியும் மறுபடியும் சுட்டிப் பார்த்தான். பிசியோ தம்பியும் ஏதோ தானே பெற்று வளர்த்த விரல்போலப் பூரித்துப்போனான். கூடவே ஆள்காட்டி விரலும் லேசாக எழுந்ததை இரண்டு பேரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் கூத்து தொடங்கியது. புது வீட்டில் விசிறிக்கு என்று நினைத்து அழுத்தினால் விளக்கு எரியுமே, அதுபோல ஆயிற்று அவன் கை. தண்ணீர்ச் செம்பைக் காட்டினால் கட்டைவிரல் நிமிரும். அலமாரியைக் காட்டினால் நிமிரும். ஒருநாள் கோபத்தில் மனைவியைப் பார்த்து விரலை நீட்டி, "நீ சொல்றது துளிக்கூட சரியில்ல," என்றான். ஆள்காட்டி விரலோடு கட்டைவிரலும் ஜம்மென்று எழுந்து அவளுக்குச் சபாஷ் போட்டது.

"வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. நான் கையை நம்பறேன்," என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிமுன் நின்று, 'பாரத்தை ஏற்று' என்று காட்டிப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நின்றது, கூடவே கட்டைவிரலும் நின்றது. கண்ணாடியில் தெரிந்த கை இரண்டு உத்தரவுகளை ஒன்றாகப் போட்டது. அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

யார்டில் சேஃப்டி சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சைகைகளைச் சரியாகக் காட்டினால் சைகை காட்டுவதற்கான அனுமதி அட்டை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் வாசல் கேட்டில் லாரிகளுக்குத் தடுப்பைத் தூக்கிவிடுகிற வேலை. இடையில் அவன் இடத்துக்கு வேறொருவன் வாக்கி டாக்கியோடு வந்து நின்றிருந்தான். "அவன் வாயைத் தொறந்தா மூடறதில்ல. சீக்கிரம் வந்து சேரு மாப்ள," என்று கூண்டு புலம்பிக்கொண்டிருந்தான். சைகைக்கு வேறு வேலை தெரியாது என்றில்லை. ஆனால் அவன் ஒரு விரலை அசைத்தால் அத்தனை பெரிய இயந்திரம் கேட்டது. வீட்டில் அடுப்புகூட அவன் சொல்லைக் கேட்காது. அந்த இடத்தை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒரு தந்திரம் செய்தான். ஆள்காட்டி விரலைத் தூக்குமுன் கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் செருகி அழுத்திக்கொள்ளவேண்டும். மெதுவாகச் செய்தால் வெளியே தெரியாது. சேஃப்டி சார் எதிரில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினான். அட்டை கிடைத்துவிட்டது. பிசியோ தம்பியிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

முதல் நாள் காலை வேலை மளமளவென்று நடந்தது. வேகம் கூடக்கூடக் கட்டைவிரல் செருகலிலிருந்து நழுவியது. 'ஏற்று' என்று காட்டும்போதெல்லாம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஆனாலும் பாரம் சரியாகத்தான் ஏறியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. சைகைக்கு உள்ளூர ஆச்சரியம்.

தேநீர் நேரத்தில் கூண்டு இறங்கி வந்து அவன் முதுகில் தட்டினான். "உன் கட்டைவிரல் என்னமோ தனியா ஆடுது. நான் கண்டுக்கவே இல்ல."

"அப்ப எதைப் பாத்து ஓட்டற?"

"உன் மூஞ்சியைப் பாத்தா போதாதா? எத்தனை வருஷப் பழக்கம். நீ நினைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடும் மாப்ள."

சைகையும் சிரித்துவைத்தான். தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டான். தன்மேல் இவ்வளவு பாசமாக ஒருவன் இருக்கிறானே என்று சந்தோஷப்படுவதா, அதே பாசம்தான் கூண்டுக்குள் உட்கார்ந்து கையைப் பார்க்காமல் கணக்குப் போடுகிறதே என்று பயப்படுவதா என்று தெரியாமல் எழுந்து போனான்.

மத்தியானம் லாரியில் குழாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். கொக்கியில் சங்கிலி மாட்டுகிறவரைச் சங்கிலியண்ணன் என்பார்கள், சீக்கிரத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அவர் லாரித் தட்டின்மேல், முன்னமே வைத்த குழாய்க்கும் புதிதாக இறங்கிய குழாய்க்கும் நடுவில் நின்று, அடியில் மரக்கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டை கோணலாகிவிட்டது. "கொஞ்சம் ஏத்தச் சொல்லுப்பா," என்று குரல் கொடுத்தார்.

சைகை விரலைத் தூக்கினான். கட்டைவிரலும் எழுந்தது.

அன்று காலையிலிருந்து வைத்த குழாய்களெல்லாம் கொஞ்சம் தள்ளியே இறங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் பூமைத் தூக்கி உள்ளே இழுக்கவேண்டியிருந்தது. இதையும் உள்ளே கொண்டுவரத்தான் மாப்பிள்ளை சொல்கிறான் என்று கூண்டு நினைத்துக்கொண்டான். பூம் எழும்பியது. குழாய் நேராக ஏறாமல், கிரேன் பக்கமாக, சங்கிலியண்ணன் நின்ற இடைவெளிக்குள் வந்தது.

இடது கை எப்போது உயர்ந்தது என்று சைகைக்கே தெரியாது. உயர்ந்தது. கூண்டு அந்தக் கணமே நிறுத்தினான்.

சங்கிலியண்ணன் பக்கவாட்டில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு குழாய்க்கும் நடுவில் மூச்சை அடக்கி நின்றிருந்தார். சட்டை மட்டும் மாட்டியிருந்தது. அவர் பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி குழாய்களுக்கிடையில் மாட்டித் தகடாகியிருந்தது. மெதுவாகக் குழாயை விலக்கியதும் அவர் இறங்கி வந்து, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூண்டு ஓடி வந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. சேஃப்டி சார் வருவதற்குள் அவசரமாகப் பேசினான். "லீவர்ல என் கை பட்டுடுச்சுன்னு சொல்லிடறேன். எனக்குன்னா ஒரு எச்சரிக்கையோட போயிடும். உனக்குன்னா அட்டையே போயிடும். நீ வாயைத் தொறக்காத."

"எனக்கும் ஒண்ணும் ஆகலையே. விடுங்கப்பா," என்றார் சங்கிலியண்ணனும்.

சைகை தலையாட்டினான். பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய மனிதத்தனமெல்லாம் அவனுக்கு அப்போது இல்லை. அட்டை தப்பித்தது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. ஆனால் சேஃப்டி சார் வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, சங்கிலியண்ணன் கையில் இருந்த தகடு கண்ணில் பட்டது. காலையில் அதில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தான்.

"நான் ஏத்தச் சொன்னேன் சார். இப்படித்தான் சொன்னேன், பாருங்க," என்று கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு விரலும் நின்றன. "பரீட்சையில மறைச்சுக் காட்டிட்டேன்."

அட்டை அங்கேயே போயிற்று. தெளிவில்லாத சைகைக்குக் கிரேனை அசைத்ததற்காகக் கூண்டையும் சில நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். கூண்டு யார்டு வாசலில் அவனை வழிமறித்தான்.

"நான் தாங்கிக்கறேன்னு சொன்னேன்ல? என்னையும் சேர்த்து மாட்டிவிட்டுட்ட."

"நீ என் கையைப் பாக்கல மச்சான். என்னைப் பாத்த."

"உன்னைப் பாத்தது தப்பா?"

"தப்புதான்," என்றான் சைகை. சொன்னபோது அவனுக்கே வலித்தது. கூண்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சைகை கேட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தித் தடுப்பைத் தூக்கினான், இறக்கினான். போகிற லாரி ஓட்டுநர்கள் நன்றி சொல்வதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் திடுக்கிட்டுத் தலைக்குமேல் பார்ப்பான். வேலைக்குத் திரும்பிய கூண்டு, கேட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

மனைவிக்குத்தான் இரண்டு பக்கமும் அடி. "இதை உன் அண்ணன்கிட்ட சொல்லு, அதை உன் புருஷன்கிட்ட சொல்லுன்னு ரெண்டு பேரும் என்னைப் போட்டு இழுக்காதீங்க," என்று ஒருநாள் வெடித்துவிட்டாள். "அண்ணன் உங்களைக் காப்பாத்தப் பாத்தாரு. நீங்க சங்கிலியண்ணனைக் காப்பாத்தப் பாத்தீங்க. ரெண்டு பேரும் நல்லவங்கதான். நடுவுல நான் சாப்பிடாம கிடக்கறேன்." பிறகு குரல் இறங்கி, "அந்தப் பிசியோ தம்பிகிட்ட உங்க வேலை என்னன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

போய்ச் சொன்னான். பிசியோ தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் கட்டைவிரல் எழுந்தா போதும்னு இருந்தேனேண்ணா. ரெண்டையும் பிரிக்கணும்னு முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி பழக்கியிருப்பேன்." அவன் சைகையின் கையை மறுபடியும் மேசைமேல் வைத்தான். "சுட்டிக் காட்டணும்னு நினைச்சா தனிச் சதை இழுக்கும், கட்டைவிரல் வரும். அதைக் கட்டைவிரலுக்கே விட்டுடுங்க. ஆள்காட்டி விரல் வேணும்னா, நாலு விரலையும் விரிக்கற மாதிரி நினைச்சு, மத்த மூணையும் மடக்கியே பிடிச்சு வையுங்க. பொது நாண் ஆள்காட்டியைத் தூக்கும்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. அதாவது, பூமைத் தூக்கவேண்டுமென்றால் 'பாரத்தை ஏற்று' என்று நினைக்கவேண்டும். பாரத்தை ஏற்றவேண்டுமென்றால் கையை விரிப்பதாக நினைக்கவேண்டும். இத்தனை வருஷம் எலும்பில் ஊறியதை ஒரு சதை இடம்மாறியதற்காகத் தலைகீழாக மாற்றவேண்டும். மேசையில் ஒழுங்காக வந்தது, எழுந்து நின்று கையை உயர்த்தினால் பழையபடி இரண்டும் துள்ளின.

"கண்ணாடி போதாதுண்ணா. விரல் என்ன சொல்லுதோ அதை மட்டும் கேட்டு உடனே செய்யற ஏதாவது வேணும். தப்புன்னா செய்யக்கூடாது. உங்கமேல அதுக்கு இரக்கமே இருக்கக்கூடாது," என்றான் பிசியோ தம்பி.

அப்படிப்பட்டது யார்டில் ஒன்று நிற்கிறது. ஓட்டுகிறவன்தான் பேசுவதில்லை. சைகை வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் கூண்டு கேட்டைத் தாண்டும்போது தடுப்பைத் தூக்காமல் வைத்துவிட்டான். கூண்டு மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டியதாயிற்று.

"தங்கச்சி எல்லாம் சொன்னா," என்றான் கூண்டு, முகத்தைப் பார்க்காமல். "வேலை முடிஞ்சப்புறம் வா. காலிக் கொக்கி. சேஃப்டி சார்கிட்ட நான் பேசிட்டேன், அவரும் நிப்பாரு."

"நீ முன்னாடி மாதிரி..."

"மாட்டேன். உன் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேன், பாக்கற ஆசையும் இப்ப இல்ல. கை என்ன சொல்லுதோ அது. தெளிவா இல்லன்னா விடியவிடிய நின்னாலும் கொக்கி அசையாது." தடுப்பைத் தட்டினான். "இதைத் தூக்கு."

அன்று சாயங்காலம் காலி யார்டில், கிரேனுக்கு எதிரே சைகை நின்றான். சேஃப்டி சார் தள்ளி நின்றார். கீழே ஒருவரும் இல்லை, கொக்கியில் ஒன்றும் இல்லை. சைகை கையை உயர்த்தினான். இரண்டு விரலும் எழுந்தன. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, கொக்கி அசையவில்லை. இறக்கி, மறுபடி உயர்த்தினான். அசையவில்லை. கூண்டு கண்ணாடிக்குப் பின்னால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒருதடவை கட்டைவிரல் மட்டும் தவறி எழுந்தது, அவன் வேண்டாததுதான், ஆனாலும் பூம் உடனே எழும்பியது. கைச் செய்தியில் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சைகைக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். ஒருநாள் சேஃப்டி சார் தனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். சங்கிலியண்ணன் வீட்டுக்குப் போகாமல் புதுத் தண்ணீர்ப் புட்டியோடு அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். கொக்கி சில சமயம் அசைந்தது, பல சமயம் நின்றது. கூண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா ஒரு பேச்சுக்காவது கொக்கியை லேசாக ஏற்றித் தொலைக்கக்கூடாதா இவன் என்று சைகைக்குத் தோன்றும். ஏற்றவில்லை.

வெயில் தாழ்ந்திருந்த ஒரு சாயங்காலம், சைகை கையை உயர்த்தி, எல்லா விரலையும் விரிப்பதாக நினைத்தான். மூன்றைப் பிடித்துவைத்தான். கட்டைவிரல் பக்கவாட்டில் படுத்தே கிடந்தது. ஆள்காட்டி விரல் எழுந்தது, பழைய மிடுக்கு இல்லாமல், கொஞ்சம் வளைந்து, ஆனால் தனியாக. அவன் சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.

கொக்கி ஏறியது. பூம் அசையாமல் நின்றது. அவன் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தான், கொக்கி ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் சங்கிலியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்டது.

கூண்டு கண்ணாடியை நகர்த்தினான். கண் மட்டும் கையை விட்டு நகரவில்லை. "இப்பதான் வாயைத் தொறந்து பேசற மாப்ள," என்று எஞ்சின் சத்தத்துக்குமேல் கத்தினான். "இத்தனை நாளா முணுமுணுத்துக்கிட்டு இருந்த."

சைகை சட்டென்று இடது கையைத் தூக்கினான். கொக்கி நின்றது.

"என்ன, அதுக்குள்ள நிறுத்திட்ட?"

பார்வை தெளிவாக இல்லாதபோது சைகை காட்டக் கூடாது என்பதும் யார்டு விதிதான். சைகை முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கண்ணு தெரியல மச்சான். ஒரு நிமிஷம் இரு."